பழைய கார் ஸ்டீரியோவில் ஐபாட் கிளாசிக் பாடல்களைக் கம்பியில்லாமல் கேட்க எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கலாமா?

வாங்கலாம். அதற்கு முன் ஸ்டீரியோவின் முகப்பையும் டேஷ்போர்டு பெட்டியின் உட்புறத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள். எங்காவது ஆக்ஸ் துளை (வெளிக் கருவியை ஒயரால் இணைக்கும் துளை) தென்பட்டால் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஐபாட் கிளாசிக்கில் புளூடூத் கிடையாது. அதன் தலையில் ஒரு புளூடூத் டிரான்ஸ்மிட்டர், ஆக்ஸில் ஒரு புளூடூத் ரிசீவர் என்று இரண்டை வாங்கி, இரண்டுக்கும் மாறி மாறிச் சார்ஜ் ஏற்றுவதைவிட இரண்டு முழ ஒயர் மேல். ஒலியும் அதில்தான் நன்றாக இருக்கும்.

ரேடியோவைத் தவிர வேறு வாசலே இல்லாத ஸ்டீரியோ என்றால் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்தான் கதி. 2011 முதல் ஐந்து ஆண்டுகள் நான் அதோடு குடித்தனம் நடத்தியவன். சிகரெட் லைட்டர் துளையில் செருகிக்கொண்டு, ஐபாடின் பாட்டை ஸ்டீரியோவுக்கு ஒலிபரப்பும் குட்டி வானொலி நிலையம் அது. கருவியில் 88.1 வைத்தால் ஸ்டீரியோவிலும் 88.1 வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பக்கத்துக் காருக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக அதன் சக்தியை வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள். பிரிட்டனில் 2006 டிசம்பர் வரை இவற்றைப் பயன்படுத்துவதே சட்டவிரோதம். அனுமதித்தபோதும் 50 நானோவாட்தான் உச்சவரம்பு. ஒரு வாட்டில் இரண்டு கோடியில் ஒரு பங்கு!

தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு ஒலிபரப்புகள் வந்தால், எஃப்எம் ரேடியோ வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். முதல் நெடும்பயணத்தில் தாம்பரத்திலேயே 100.5 என்று வைத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். பாதி வழி வரை ஒரு குறையும் இல்லை. திருச்சியைத் தாண்டியதும் பாட்டுக்கு நடுவே யாரோ பேசுவதுபோல் கேட்டது. திண்டுக்கல்லை நெருங்கியபோது என் பாட்டைக் காணவே காணோம்; கொடைக்கானல் பண்பலை கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தது. 100.5 அவர்களுடைய அலைவரிசை. மலை உச்சியிலிருந்து வருகிற ஒலிபரப்போடு லைட்டர் துளைக் கருவி மல்லுக்கட்ட முடியுமா? நான் அவசரமாக எண்ணை மாற்றப் போனேன். பின்னிருக்கையிலிருந்து அப்பா, “அதை மாற்றாதே, இப்போதுதான் கேட்கிற மாதிரி இருக்கிறது” என்றார்.

ஆகவே, அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 106.4 என்று பெரிய நிலையங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. காலியாக ஒரு எண் இருந்தால் மட்டும் போதாது. அதன் இரு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். எனக்குப் பெரும்பாலும் கைகொடுத்தது 87.5 முதல் 88.5 வரையிலான அடிமுனை. வழியில் வரும் ஊர்களுக்கென்று மூன்று அலைவரிசைகளைப் புறப்படும் முன்பே ஸ்டீரியோவின் பொத்தான்களில் பதிந்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எண்ணைத் தேடித் தடவுவது ஆபத்து.

ஐபாடின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்தி, மிச்சத்தை ஸ்டீரியோவில் கூட்டிக்கொள்ளுங்கள். ஐபாடில் முழுதாக ஏற்றினால் பாட்டு கரகரவென்று உடையும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ‘ஙொய்’ என்று ஒரு கீச்சொலி ஏறி இறங்கினால் ரேடியோவைத் திட்டாதீர்கள். அது ஆல்டர்னேட்டரின் (எஞ்சினோடு சுழன்று காருக்கு மின்சாரம் தரும் கருவியின்) இரைச்சல், ஐபாடின் சார்ஜர் வழியாக வருகிறது. சார்ஜ் ஒயரைப் பிடுங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொன்று: எஃப்எம் ஒலிபரப்பு சுமார் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைக் கொண்டு செல்லாது. இதற்காக உயர்தரக் கோப்புகளைத் தேடி இறக்கி ஐபாடை நிரப்புவது வெட்டி வேலை.

காரை நிறுத்தியதும் கருவியைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அந்தத் துளையில் மின்சாரம் இருக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, பேட்டரி தீர்ந்து ஸ்டார்ட் ஆகாத காரை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து தள்ளியிருக்கிறேன்.