கூட்டவே இல்லை, அப்புறம் எப்படி நேரமாகும்?

கேள்வி: சி மொழி படிக்கிறேன். 1 முதல் 100 கோடி வரை கூட்டும் புரோகிராமை ஜிசிசி கம்பைலரில் (சி புரோகிராமை மெஷின் கட்டளைகளாக மாற்றுவது) சும்மா கம்பைல் செய்தால் 2 விநாடி ஓடுகிறது. வேகமாக்கும் ஆப்ஷனான -ஓ2 போட்டால் 0.00 விநாடி என்று காட்டுகிறது. -ஓ3 போட்டால் இன்னும் வேகமாகுமா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: பூஜ்யத்துக்கும் கீழே போக இடம் ஏதம்மா? கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய புரோகிராமில் கூட்டிய விடையை எங்குமே அச்சிடவில்லை. யாரும் கேட்காத விடை எதற்கு என்று கம்பைலர், திரும்பத் திரும்பக் கூட்டும் லூப்பையே தூக்கிவிட்டது.

விடையை அச்சிட்டாலும் கிளாங் கம்பைலர் அசராது. பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத் தொடர் சூத்திரத்தைப் போட்டு ஒரே பெருக்கலில் முடித்துவிடும். அதனால் கம்பைலரால் முன்கூட்டியே ஊகிக்க முடியாதபடி எண்களை ஃபைலிலிருந்து அர்ரேயில் (எண்களின் வரிசை) ஏற்றிவிட்டு, கூட்டும் நேரத்தை மட்டும் அளந்து பாருங்கள்.

சும்மா கம்பைல் செய்தால் அது -ஓ0. ஒவ்வொரு வரிக்கும் மாறியை மெமரியிலிருந்து எடுத்து, கூட்டி, திரும்ப மெமரியிலேயே வைக்கும். பிழை தேடும் டிபக்கரில் வரிவரியாகப் பார்க்க அதுதான் வசதி. -ஓ2வில் மாறி பெரும்பாலும் பிராசஸருக்குள் இருக்கும் ரெஜிஸ்டரிலேயே குடியிருக்கும். உங்கள் 2 விநாடியில் பெரும்பகுதி இந்த வீண் நடைதான்.

நானும் இதில் ஏமாந்தவன். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் எல்இடி விட்டுவிட்டு எரிய, இடையில் வெற்று லூப் ஒன்றைச் சுற்றவிட்டிருந்தேன். -ஓ2 போட்டதும் எல்இடி மங்கலாக, நிற்காமல் எரிந்தது. பல்பு போச்சு என்று சூட்டுக்கோலை எடுத்துப் புதிது பற்றவைத்தேன். அதுவும் மங்கல்! லூப் காணாமல் போனதால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து அணைந்துகொண்டிருந்தது. லூப்பை எண்ணும் மாறிக்கு முன்னால், இதில் கைவைக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வோலட்டைல் என்ற ஒரு வார்த்தை சேர்த்ததும் சரியானது.

சரி, -ஓ3க்கு வருவோம். லூப்பை விரிப்பதிலும், ஒரே கட்டளையில் பல எண்களைக் கூட்டுவதிலும் அது தாராளம். அர்ரே கணக்குகளில் நல்ல பலன் உண்டு. ஆனால் கோட் பருக்கும். பல பிராசஸர்களில் கட்டளைகளுக்கான முதல் கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் வேகமான குட்டி மெமரி) 32 கேபிதான்; அதில் கொள்ளாவிட்டால் -ஓ2வைவிட மெதுவாகவும் ஓடலாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே வழக்கமாக -ஓ2வில்தான் கம்பைல் ஆகிறது. அதற்கும் மேலே உள்ள -ஓஃபாஸ்ட் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்; தசம எண் கணக்கின் விதிகளையே வளைக்கும்.

அப்புறம், இந்த ஆப்ஷன்களில் கோடுக்கு அடுத்து வருவது ஆங்கில எழுத்து ஓ. கடிதத்தில் ஓரிடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். அப்படி அடித்தால், தெரியாத ஆப்ஷன் என்று ஜிசிசி திருப்பி அனுப்பிவிடும்.