பச்சை மதுவும் தம்பி வாங்க நினைக்கும் எண்ணெயும்

கேள்வி: சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் மகன் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் மதுக்கூடத்தில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வந்தபோது அப்சிந்த் என்ற பச்சை மதுவைக் கொண்டுவந்து, நுரைக்கும் வைனில் கலந்து எல்லோருக்கும் கொடுத்தான். அதைக் குடித்தால் சித்தம் கலங்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். என் கணவர் இனிப்பு நீருக்கு மெட்போர்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். என் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. அவனோ, அந்த மதுவில் சேரும் கசப்புச் செடியின் எண்ணெயை இணையத்தில் வாங்கிச் சம்சுச் சாராயத்தில் கலந்தால் நாமே செய்துகொள்ளலாம் என்கிறான். என்ன செய்வது, டாக்டர்?

பதில்: அம்மா, முதலில் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அப்சிந்தில் சேரும் கசப்புச் செடி, நாம் பூவோடு சேர்த்துக் கட்டும் மருக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. அதில், அளவு மீறினால் வலிப்பை வரவழைக்கும் துஜோன் என்றொரு பொருள் இருக்கிறது. முறையாக வடித்து விற்கும் மதுவில் அது மிகக் குறைவு. ஐரோப்பாவில் ஒரு கிலோ மதுவுக்கு 35 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே உண்டு. செடியிலிருந்து வடித்தெடுத்த எண்ணெய் அப்படியல்ல. அது துஜோன் செறிந்தது, குடிப்பதற்கானதே அல்ல. 1997இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த நோயாளியின் கதை தம்பிக்காகவே எழுதியது போல இருக்கும். 31 வயது ஆள், அதே எண்ணெயை இணையத்தில் வாங்கி, அப்சிந்த் என்று நம்பி ஏறக்குறைய 10 மில்லி குடித்தார். இரண்டு தேக்கரண்டிதான். வலிப்பு வந்தது, தசைகள் சிதைந்தன, சிறுநீரகம் செயலிழந்தது.

உங்கள் தம்பிக்கோ ஏற்கெனவே வலிப்பு நோய் இருக்கிறது. வலிப்பு மாத்திரைகளில் பல, மூளையின் மிகைத் துடிப்பை அடக்கும் கடிவாளத்தை இறுக்குகின்றன. துஜோன் அந்தக் கடிவாளத்தையே தளர்த்துகிறது. எண்ணெயை விட்டாலும் மது அவருக்கு ஆகாது. குடித்த இரவு தூக்கம் கெடும், மாத்திரை மறந்துபோகும், மறுநாள் போதை இறங்கும்போது வலிப்பு எழும். ஆகவே மகன் கலக்கும் கோப்பையும் அவருக்கு வேண்டாம்.

சம்சுவைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவுச் சாராயத்தில் மெத்தனால் என்ற நச்சு இருக்கலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அப்படிப் பலர் இறந்தார்கள். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவரை வார்டில் பார்த்தேன். முதல் நாள் இரவு குடித்தவர், மறுநாள் மாலைதான் வந்தார். விளக்கைக் காட்டி, "டாக்டர், ஏன் உள்ளே பனி இறங்கியிருக்கிறது?" என்று கேட்டார். பார்வை திரும்பவேயில்லை. மெத்தனால் பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள்கூட மறைந்திருந்து வேலையைக் காட்டும். குடித்த மறுநாள் கண் மங்கினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வயிறு வலித்து வாந்தி வந்தாலோ பழைய போதை என்று விட்டுவிடாதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நேரத்தில் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் கண்ணைக் காப்பாற்றக்கூடும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பழைய கதை. 1905இல் சுவிட்சர்லாந்தின் கொம்முஞி என்ற ஊரில் ஒரு தொழிலாளி தன் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கொன்றான். அவன் குடித்தது கொஞ்சம் அப்சிந்த். அதைவிடப் பல மடங்கு வைனும் பிராந்தியும். பழி முழுவதும் பச்சைப் புட்டியின் மேல் விழுந்தது. சுவிட்சர்லாந்து 1910இலும் பிரான்ஸ் 1915இலும் தடை செய்தன. பின்னர் தடைக்கு முந்தைய காலத்துப் புட்டிகளைத் திறந்து சோதித்தபோது, சித்தத்தைக் கலக்கும் அளவுக்குத் துஜோன் இல்லை. சுவிட்சர்லாந்து 2005இல் தடையை நீக்கியது.

அதனால் அப்சிந்த் சாதுவானது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் ஆபத்து சாராயத்தின் செறிவில் இருக்கிறது: 45 முதல் 74 விழுக்காடு வரை. தண்ணீர் விட்டதும் பால் போல வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். செறிந்த சாராயத்தில் கரைந்திருந்த, சோம்பு போல மணக்கும் ஆனிஸ் விதையின் எண்ணெய், தண்ணீர் சேர்ந்ததும் கரைய முடியாமல் நுண்துளிகளாகப் பிரிகிறது, அவ்வளவுதான். பழைய வழக்கம் ஒரு பங்கு மதுவுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர். மகன் தண்ணீருக்குப் பதிலாக வைனை ஊற்றுகிறான். 68 விழுக்காடு அப்சிந்த் 30 மில்லியும் வைன் 120 மில்லியும் சேர்ந்தால் ஒரே கோப்பையில் இரண்டு டின் பீருக்கு மேல் சாராயம் இறங்கிவிடும். சோம்பு வாசனையும் நுரையும் அதைச் சொல்லாது. விருந்தினருக்குக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அளவுக் கிண்ணத்தால் அளந்து தண்ணீரில் கலக்கட்டும், சர்க்கரைக் கட்டிக்குத் தீ வைக்கும் வித்தை வேண்டாம், குடித்தவர் மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டாம்.

உங்கள் கணவரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. கிளிக்லசைட் இரத்தச் சர்க்கரையை இறக்கும். இறங்கும்போது கல்லீரல் சர்க்கரையைக் கொடுத்துத் தாங்கும். மது அந்தக் கல்லீரலின் கையைக் கட்டிப்போடுகிறது. சாப்பிடாமல் குடித்தால் நள்ளிரவில், விடியற்காலையில் சர்க்கரை சரியும். வியர்வை, கை நடுக்கம், உளறல், தள்ளாட்டம் எல்லாம் போதையைப் போலவே இருக்கும். வாயில் மது வாசனையும் வீசும். வீட்டார் போர்வையைப் போர்த்தி, தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படிப் படுத்தவர்களில் சிலர் எழுந்திருக்கவில்லை, அம்மா.

எனவே அவரை எழுப்பிப் பாருங்கள், குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பாருங்கள். 4.0 mmol/Lக்குக் கீழே இருந்து, விழுங்கும் தெளிவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் திரும்பச் சரியலாம் என்பதால் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 999ஐ அழையுங்கள். மெட்போர்மினோடு அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தும் உண்டு. அவர் அப்சிந்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

தம்பி அந்த எண்ணெயை ஏற்கெனவே வாங்கியிருந்தால், மூடியைத் திறக்காமல் அடுத்த முறை கிளினிக்கிற்கு வரும்போது எடுத்துவந்து மருந்தாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஒரு சொட்டு குடித்திருந்தாலும் எந்த வீட்டு வைத்தியமும் பார்க்காமல் அன்றே புட்டியோடு மருத்துவமனைக்குப் போங்கள். லேபிளைப் பார்த்தால் அங்குள்ளவர்களுக்குப் பாதி வேலை குறையும்.