அடிவாரத்தில் சேர்ந்து உறங்குவோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவரின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். பாதிரியார் இல்லை, ஜெபமும் இல்லை. பேரன் எழுந்து ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் எட்டு வரிகளைப் படித்தான். பலர் அழுதார்கள். இப்போது ஒரு நண்பர், தன் பெற்றோரின் ஐம்பதாவது மணநாளில் ஒரு ஸ்காட்டிஷ் கவிதை படிக்கும்படி கேட்கிறார். விசேஷங்களுக்குப் பயன்படும் கவிதை வாழ்த்துமடல் வகைதானே? அதை இலக்கியம் என்று கொள்ளலாமா?

ம.

அன்புள்ள ம.,

தாராளமாகக் கொள்ளலாம். அந்த எட்டு வரிகள், டார்போல்ட்டன் என்ற ஸ்காட்லாந்து ஊரில் மாவு ஆலை நடத்திய வில்லியம் மியூருக்குக் கல்லறை வாசகமாகப் பர்ன்ஸ் எழுதியவை என்று ஊகிக்கிறேன். மியூர் அவருக்கும் அவர் தந்தைக்கும் நண்பர். கடைசி இரண்டு வரிகளின் பொருள் இது: மறுவுலகம் ஒன்று இருந்தால் அவன் அங்கே இன்புற்றிருக்கிறான், இல்லையென்றால், இந்த உலகில் நன்றாகவே வாழ்ந்துவிட்டான். 18ஆம் நூற்றாண்டில், திருச்சபை ஊரையே கட்டி ஆண்ட ஒரு நாட்டில், கல்லறை வாசகத்துக்குள் ‘இல்லையென்றால்’ என்று எழுத எவ்வளவு துணிவு வேண்டும்! ஜெபம் இல்லாத சடங்கில் அது இன்று இயல்பாகப் பொருந்துவது அந்த ஒரு சொல்லால்தான். வாழ்த்துமடலில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே கிடையாது.

கல்யாணங்களில் அதிகம் கேட்கும் பர்ன்ஸின் ‘சிவந்த ரோஜா’ பாடலையே பாருங்கள். கடல்கள் வற்றும்வரை காதலிப்பேன் என்ற வரிக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அது விடைபெற்றுப் போகிறவனின் பாட்டு. பதினாயிரம் மைல் தாண்டியும் திரும்பி வருவேன் என்று சொல்லி முடிகிறது. மணமேடையில் பிரிவின் நிழலும் விழுவதால்தான் அந்த வாக்கு கனக்கிறது.

உங்கள் நண்பரின் பெற்றோருக்கு ‘ஜான் ஆண்டர்சன், மை ஜோ’வைப் படியுங்கள். அதே மெட்டில் முன்பு கிழவனைக் கேலி செய்யும் கொச்சைப் பாட்டு ஒன்று வழங்கிவந்தது. பர்ன்ஸ் அதை எடுத்து, பதினாறே வரிகளில், முதிய மனைவி கணவனோடு பேசும் பேச்சாக மாற்றினார். நாம் பழகத் தொடங்கியபோது உன் முடி அண்டங்காக்கை நிறம், இப்போது பனி, அந்த நரைத்த தலை நன்றாக இருக்கட்டும் என்கிறாள். பிறகு,

குன்றில் சேர்ந்தே ஏறினோம், ஜான்;
இனித் தள்ளாடி இறங்க வேண்டும்;
கைகோத்தே போவோம்,
அடிவாரத்தில் சேர்ந்து உறங்குவோம்.

அந்த உறக்கம் எது என்று அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். மணநாளில் படிக்கும் இதே கவிதையை, அவர்களில் ஒருவர் போன பிறகு மற்றவருக்காகவும் படிக்கலாம். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. விசேஷத்துக்கென்று செய்த கவிதைக்கு இது வராது.

இன்னும் தேடிப் பார்க்க விரும்பினால் எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் இருக்கிறது, 1984 முதல். ஒரு நாள் போய் வாருங்கள்.

படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘ஜோ’ பெயரல்ல, ஸ்காட்ஸ் மொழியில் கண்ணே, அன்பே என்பது போன்ற விளி. அந்த இடத்தில் காகிதத்தைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கள். அது அவர் பேசும் வரி.