ஓடையோரப் பெரணி: கலப்பினமா, புதுச் சிற்றினமா?

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தை ஒட்டிச் சின்ன நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். ஓடைக்கரையில் இரண்டு வகை டெரிஸ் பெரணி வளர்கிறது. ஒன்றின் இலையில் நடுநரம்பை ஒட்டி வெள்ளிப் பட்டை, மற்றது முழுப் பச்சை. இரண்டுக்கும் இடைப்பட்டதாக, மங்கலான பட்டையோடு ஒரு செடி கிடைத்தது. அதன் ஸ்போர்களை (வித்துத்தூளை) விதைத்தேன், முளைக்கவில்லை. இது புதுச் சிற்றினமா? குரோமோசோமை எண்ணினால் தெரியுமா?

பதில்: எண்ணினால் பாதிதான் தெரியும். முதலில் ஸ்போரைப் பாருங்கள், செலவே இல்லை.

பழுப்பேறி முற்றிய இலைத்துண்டு ஒன்றைத் தாளில் மடித்து ஓரிரவு வையுங்கள். உதிரும் தூளை ஒரு சொட்டு கிளிசரினில் இட்டு, பக்கத்துக் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நல்ல ஸ்போர்கள் முக்கோண வடிவில், பருமனாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சப்பையாகச் சுருங்கி, அளவுக்கு அளவு மாறிக் கிடந்தால் அது மலட்டுக் கலப்பினம் என்று பெரும்பாலும் நம்பலாம். முற்றாத இலையைப் பறித்தாலும் ஸ்போர் இப்படித்தான் தெரியும். அதில் கவனம் வேண்டும்.

காரணம் இதுதான். டெரிஸின் அடிப்படைக் குரோமோசோம் எண் 29; இருமயச் செடியில், அதாவது இரண்டு தொகுதி உள்ளதில், 58. கலப்பினத்தில் தாயின் 29-க்கும் தந்தையின் 29-க்கும் ஒற்றுமை குறைவாக இருந்தால், குன்றல் பகுப்பில் (ஸ்போர் உருவாகும்போது குரோமோசோம் எண் பாதியாகும் செல் பகுப்பில்) அவை ஜோடி சேராமல் தாறுமாறாகப் பிரிகின்றன. ஸ்போர் வீணாகிறது. எப்போதாவது அந்தத் தொகுதி அப்படியே இரட்டித்து 116 ஆனால், ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துச் செடி வளமாகிவிடும். பெரணிகளில் புதுச் சிற்றினம் பிறக்கும் முக்கிய வழிகளில் இது ஒன்று.

திறக்காத வித்தகம் (ஸ்போர்கள் உருவாகும் சிறு பை) ஒன்றை நசுக்கி ஸ்போர்களை எண்ணவும் செய்யுங்கள். வழக்கமாக 64 இருக்கும். நல்ல ஸ்போர்கள் 32 மட்டுமே இருந்தால், கருவுறாமலே பெருகும் வகை என்று சந்தேகிக்கலாம். நம் மலைகளில் சாதாரணமாகக் காணும் டெரிஸ் பைஆரிட்டாவில் மும்மயச் செடிகள், அதாவது மூன்று தொகுதியாக 87 குரோமோசோம் உள்ளவை, இப்படித்தான் பெருகுகின்றன. இவற்றின் ஆண் செல்கள் வேறு செடியின் முட்டையோடு சேர்ந்து கலப்பினம் தரவும் கூடும். உங்கள் முழுப் பச்சைச் செடி பைஆரிட்டாவா என்று பார்க்க, சிற்றிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: நடுநரம்பை ஒட்டிப் பக்க நரம்புகள் வில்போல் வளைந்து இணைந்திருக்கும். பட்டை மங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நிழலும் வயதும்கூட அதை மாற்றும்.

எண் மட்டும் பெயர் சொல்லாது என்பதற்கு அஸ்பிளீனியம் டிரைக்கோமேனஸ் என்ற பெரணி நல்ல சான்று. அதில் 72 உள்ளதும் 144 உள்ளதும் ஒரே சிற்றினத்தின் துணைச் சிற்றினங்களாகவே வைக்கப்பட்டுள்ளன. கலப்பினம் எல்லாமே மலடும் அல்ல. இலங்கையில் டெரிஸ் குவாட்ரிஆரிட்டாவும் டெரிஸ் மல்டிஆரிட்டாவும் கலந்து, வளமான இடைநிலைச் செடிகள் கூட்டமாக வளர்வதைப் பெரணி ஆய்வாளர் டி.ஜி. வாக்கர் 1958-இல் எழுதினார். மண் வெட்டிக் குலைத்த கரைகளில் இத்தகைய கலப்பு எளிது. தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரை அப்படிப்பட்ட இடம்தானே.

இவ்வளவு பார்த்த பிறகு எண்ண விரும்பினால், வித்தகங்கள் இன்னும் வெளிர்பச்சையாக இருக்கும் இளம் இலைகளை மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலக் கலவையில் ஒரு நாள் ஊற வைத்து, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி, செல்லியல் தெரிந்த தாவரவியல் துறைக்குக் கொடுங்கள். கேரளத்துக்கு இதில் பெருமைக்குரிய மரபு உண்டு. ஓஃபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்ற பெரணியில் குரோமோசோம்கள் 1,200-க்கு மேல் இருப்பதை 1954-இல் வெளியிட்டவர்கள் திருவனந்தபுரத்து ஆபிரகாமும் நைனானும். இரு பெற்றோர்ச் செடிகளையும் சேர்த்துக் கொடுங்கள். அவற்றின் எண் தெரியாமல் நடுச்செடியின் எண்ணுக்குப் பொருளில்லை.

அதுவரை ஸ்போரை விதைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மழைக்கால ஆரம்பத்தில் கிழங்கைத் துண்டுக்கு ஒரு குருத்து இருக்கும்படி வெட்டி, இலைமட்கு கலந்த மண்ணில் நடுங்கள். விற்கும்போது சீட்டில் ‘டெரிஸ், கலப்பினமாக இருக்கலாம், வண்டிப்பெரியாறு’ என்று மட்டும் எழுதுங்கள்.