கேமராவப் பாத்துப் பேசுற பொண்ணு

அண்ணா வணக்கம். நீங்க போன மாசம் சொன்னீங்கன்னு 'ஐவ் ஹேர்ட் த மெர்மெய்ட்ஸ் சிங்கிங்' தேடிப்பிடிச்சுப் பாத்தேன். கனடா படம், 1987, பட்ரீசியா ரோசெமா டைரக்‌ஷன். சுமார் 3.5 லட்சம் டாலர்ல எடுத்து கேன்ஸ் வரைக்கும் போச்சுன்னு படிச்சேன், ஆனா எனக்கு வெறும் காமெடியாத்தான் தெரிஞ்சுது. ஹீரோயின் பாலி லூசு மாதிரி முழிச்சுகிட்டே இருக்கா, நேரா கேமராவப் பாத்து உக்காந்து கதை சொல்றா, இது அமெச்சூர்த்தனம் இல்லையா? எல்லாரும் ஆஹா ஓஹோங்கற பெயிண்டிங்கக் காட்டவே இல்ல, சும்மா ஒரு வெள்ளை வெளிச்சம். வரையக்கூட காசில்லையா? என் கேள்வி இதான்: என்கிட்ட 8 லட்சம் இருக்கு, சொந்தப் படம் பண்ணப்போறேன். காமெடி பண்ணா ஃபெஸ்டிவல்ல எடுப்பாங்களா, இல்ல சீரியஸாவே போயிடட்டுமா?

திருப்பூர் வாசகர்

*

தம்பி,

உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். மொத தடவ கோவம் வந்துது, ரெண்டாவது தடவ வேற ஒண்ணு ஞாபகம் வந்துது, அத அப்புறம் சொல்றேன். ஃபெஸ்டிவல்காரங்க எத எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து லெட்டருக்கு பதில் எழுதிட்டு இருக்கப் போறேன். விடுங்க.

"வெறும் காமெடி"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த "வெறும்"ல இருந்து ஆரம்பிக்கணும். அப்ப கனடா சினிமா நெலம என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஹாலிவுட்காரன் வசூல் கணக்கு எழுதும்போது கனடாவையும் தன்னோட உள்நாட்டு மார்க்கெட்லயே சேத்துதான் எழுதுவான், தனி நாடுன்னு ஒரு மரியாதகூட கெடையாது. டொரண்டோ தெருவுல நியூயார்க் டாக்ஸிய ஓட்டவிட்டு நியூயார்க்னு சொல்லி எடுத்துட்டுப் போவாங்க. எழுபதுகள்ல சினிமால போட்ட காசு முழுக்க வரில கழிச்சுக்கலாம்னு கவர்மென்ட் ஒரு சலுக குடுத்துது, டாக்டரும் வக்கீலும் காசக் கொட்டுனாங்க, கதையப் பத்தி எவனுக்கு அக்கற, நெறைய படம் தியேட்டர் பக்கமே வரல. அதெல்லாம் ஓஞ்சு, 1986ல ஒண்டாரியோ மாகாணம் படத்துக்கு உதவ தனியா ஒரு கார்ப்பரேஷன் ஆரம்பிச்ச சமயத்துல டைரக்டர் ரோசெமா வர்றாங்க. சார்னியாங்கற ஊர்ல, டச்சுக்காரங்க குடும்பத்துல, கால்வினிஸ்ட்ங்கற கறாரான கிறிஸ்தவப் பிரிவு வீட்ல வளந்தவங்க, 16 வயசு வரைக்கும் சினிமா தியேட்டர் வாசல மிதிச்சதில்ல. டிவில வேல பாத்து, அந்த வேல போயி, கனடா டைரக்டர் குரோனன்பெர்க்கோட 'த ஃப்ளை' படத்துல மூணாவது அசிஸ்டெண்ட் டைரக்டரா ஓடியாடிட்டு, மொத முழுநீளப் படத்த எழுதி அவங்களே எடுத்தாங்க. டொரண்டோவ டொரண்டோவாவே காட்டி.

கேன்ஸ்ல டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்ங்கற தனிப் பிரிவுல போட்டாங்க, ஜனம் எழுந்து நின்னு கைதட்டுச்சு, இளைஞர் பரிசு கெடச்சுது, அதே வருஷம் டொரண்டோ விழாவுக்கு இதான் தொடக்கப் படம், பாலியா நடிச்ச ஷீலா மெக்கார்த்திக்கு கனடாவோட சினிமா விருதான ஜீனி அவார்ட். போட்ட காசவிடப் பல மடங்கு திரும்பி வந்துது. இதெல்லாம் நீங்களே தேடிப் படிச்சுக்கலாம், என் பிரச்சன அது இல்ல.

என் பிரச்சன அந்த வெள்ளை வெளிச்சம். காசில்லையான்னு கேட்டீங்க. தம்பி, யோசிங்க. கதைல கேலரி நடத்துற கேப்ரியல், டெம்பரரி செக்ரட்டரியா வந்த பாலி கண்ணுக்கு அவங்க தெய்வம். அவங்க வரைஞ்சதுன்னு நம்பி பாலி ஒரு ஓவியத்தப் பாக்குறா, உலகமே மெச்சுற ஓவியம்னு கதை சொல்லுது. இப்ப அத நெசமாவே வரைஞ்சு காட்டினா என்ன ஆகும்? நீங்க உங்க வீட்டு சோஃபால உக்காந்துகிட்டு "இதுக்கா இவ்வளவு பில்டப்பு"ன்னு சொல்லுவீங்க. மூணு கோடி குடுத்து ஆள் வெச்சு வரைஞ்சாலும் அப்படித்தான் சொல்லுவீங்க. அதனால ஓவியத்தோட ஃப்ரேமுக்குள்ள வெறும் ஒளி. சீப்பு, ஆனா அதத் தவிர வேற வழியே கெடையாது.

இதுல நீங்க கவனிக்காம விட்டது இன்னொண்ணு. பாலி எடுத்த ஃபோட்டோக்கள மட்டும் படம் நமக்குக் காட்டுது. சாதாரணமான ஃபோட்டோ, அவ சைக்கிள்ல சுத்தும்போது கண்ணுல பட்டது. அத வேற பேர்ல கேலரிக்கு அனுப்புறா, கேப்ரியல் ஒரு பார்வ பாத்துட்டு ரெண்டு வார்த்தைல தூக்கிப் போட்டுடுறாங்க, யார் அனுப்புனதுன்னு தெரியாம, பாலி பக்கத்துலயே நிக்கிறப்ப. பெரிய மனுஷி மெச்சுன ஓவியத்த நம்மால எடபோட முடியாது, ஏன்னா நம்ம கண்ணுக்கே அது வரல. பெரிய மனுஷி தூக்கிப் போட்ட ஃபோட்டோவ நம்மால எடபோட முடியும். டைரக்டர் அந்த ரெண்டையும் நம்ம மடில வெச்சுட்டு தள்ளி நிக்கிறாங்க. நீங்க என்ன பண்ணீங்க? கேப்ரியல் கட்சில போயி சேந்துட்டு "அமெச்சூர்"னு எழுதியிருக்கீங்க. அந்த ஓவியத்தயும் உண்மைல வரைஞ்சது கேப்ரியல் இல்லன்னு தெரியவரும்போது பாலி சூடான டீய எடுத்து மூஞ்சில ஊத்துறா பாருங்க, அந்த டீல கொஞ்சம் உங்க மேலயும் தெறிச்சிருக்கணும்.

கோவிச்சுக்காதீங்க. எம்மேல மொதல்லயே தெறிச்சாச்சு.

1996 ஆரம்பத்துல ஒரு காலேஜ்ல குறும்படப் போட்டிக்கு என்ன ஜட்ஜா கூப்பிட்டாங்க. அப்ப நான் நாலு ஃபிலிம் சொசைட்டி படம் பாத்துட்டு பெரிய மேதாவி மாதிரி திரிஞ்ச காலம். ஒரு பையன் கல்யாண வீடியோ எடுக்குற கேமராவ வாடகைக்கு வாங்கி இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு காமெடி எடுத்திருந்தான், அம்மிச்சியோட ஆட்ட அம்மிச்சிக்குத் தெரியாம சந்தைல வித்துடுறான், ஆடு அவனுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்து நிக்குது. மார்க் ஷீட்ல நான் எழுதுனது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு: "பாட்டி கேமராவைப் பார்க்கிறார். சிறுபிள்ளைத்தனம்." பத்துக்கு மூணு. டேப்ப திருப்பிக் குடுக்கணும், குடுக்கல. மார்ச் 9ஆம் தேதி பெங்களூர்ல உலகக் கோப்ப குவார்ட்டர் ஃபைனல், வக்கார் யூனிஸ அஜய் ஜடேஜா அடி வெளுக்குறாரு, கைக்கு அகப்பட்ட டேப்ப விசிஆர்ல சொருகி ரெக்கார்டு பட்டன அமுக்கிட்டேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி பொள்ளாச்சி பக்கம் ஒரு கல்யாணத்துல எல்ஈடி வால், ட்ரோன் எல்லாம் வெச்சு நாலஞ்சு பசங்கள வேல வாங்கிட்டு இருந்த ஒருத்தர் வந்து "சார், என்னத் தெரியுதா"ன்னாரு. தெரியல. நல்லா சம்பாதிக்கிறாரு, கார் வெச்சிருக்காரு, எம்மேல ஒரு கோவமும் இல்ல, அந்த மார்க் ஷீட்ட அவர் பாத்ததே இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "அந்த டேப்பு உங்ககிட்ட இருக்குங்களா சார்? எங்க அம்மிச்சி வேற எதுலயுமே இல்லீங்க. ரேஷன் கார்டு ஃபோட்டோலகூட கண்ண மூடிட்டு இருக்கும்."

தேடிப் பாக்குறேன்னு சொல்லிட்டு பந்தில போயி உக்காந்தேன். எல இருந்துது, சாப்பாடு எறங்கல.

பரண்ல தேடி எடுத்தேன். பழைய பிளேயர் ஒண்ணு வாங்கிப் போட்டேன். மொதல்ல ஜடேஜா, விளம்பரம், மறுபடி ஜடேஜா, அப்புறம் படம் ஒரு குலுங்கு குலுங்கி கோடு கோடா போயி, தெளிஞ்சு வந்தா திண்ணைல அந்தம்மா மொச்சக்காய் உரிச்சுகிட்டு உக்காந்திருக்காங்க. கடைசி ஆறேழு நிமிஷம் தப்பிச்சிருக்கு. தல நிமிந்து கேமராவப் பாக்குறாங்க, அதாவது பேரனப் பாக்குறாங்க. "சோறு உண்டியா கண்ணு?" வசனத்துல இல்லாத கேள்வி போல, அவன் சிரிப்ப அடக்குறான், ஃப்ரேம் ஆடுது. ஆடு பின்னாடி நிக்குது.

பாலி ஏன் கேமராவப் பாத்துப் பேசுறான்னு அமெச்சூர்த்தனத்துல தேடுனீங்கல்ல. வேற யாரும் அவ மூஞ்சியப் பாத்துக் கேக்கல, அதனால கேலரில வேவு பாக்க வெச்சிருந்த வீடியோ கேமராவயே தூக்கிட்டு வந்து அதுகிட்ட சொல்றா. டி.எஸ். எலியட்ங்கற கவிஞரோட கவிதைலேர்ந்துதான் படத்துக்குப் பேரு, கடல்கன்னிங்க பாடுறது கேட்டிருக்கேன், ஆனா அவங்க எனக்காகப் பாடுவாங்கன்னு தோணலைங்கற எடம். அத மனசுல வெச்சுகிட்டு இன்னொரு தடவ பாருங்க, முழிக்கிறாளா பாக்குறாளான்னு அப்புறம் எழுதுங்க.

உங்க 8 லட்சத்துக்கு வர்றேன். காமெடியே பண்ணுங்க. நடிக்கிறவங்களுக்கும் லைட் பசங்களுக்கும் சாப்பாட்டுக்கு மொதல்ல எடுத்து வெச்சுடுங்க, மிச்சத்துக்கு எத்தன நாள் ஷூட் முடியுமோ அத்தன நாளுக்குக் கதைய சுருக்குங்க.

அப்புறம் ஒரு உதவி. அந்த டேப்புல வெள்ளப் பூஞ்ச புடிச்சிருக்கு, இன்னும் ரெண்டு தடவ ஓட்டுனா ஹெட்டுல ஒட்டிக்கும்னு கடைக்காரர் சொல்றாரு, இங்க சுத்தம் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர ஆள் இல்ல. கல்யாணத்துல டேப்பு கேட்டவருக்கு இன்னும் ஃபோன் பண்ணல நான். உங்க ஊர்ல பழைய வீடியோ கடைக்காரங்க யாராச்சும் இருந்தா நம்பர் அனுப்புங்க.