மேடை கூப்பிடுகிறது, வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. 12 வருடங்களுக்கு முன் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கர நாற்காலியில்தான் எல்லாம். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நிரந்தர வேலையில் இருக்கிறேன். இரண்டு வருடமாகத் தன்னம்பிக்கைப் பேச்சுக்குக் கூப்பிடுகிறார்கள். போன வருடம் 22 கூட்டம் பேசினேன், 9 இடத்தில்தான் பணம் தந்தார்கள். லீவு கேட்டாலே மேலதிகாரி முகம் மாறுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பேச்சாளர் ஆகலாமா? எவ்வளவு கட்டணம் கேட்பது? இன்னொன்று: துணைக்கு அக்கா மகன் வருகிறான். அவனுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் அக்கா கோபித்துக்கொள்வாள். போன வருடத்துத் தேதிகளையும் செலவுக் கணக்கையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போது விட வேண்டாம். ஏன் என்பது நீங்கள் அனுப்பிய தேதிப் பட்டியலிலேயே இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர் அனுப்பிய பட்டியல் என்பதால் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது.

22 கூட்டங்களில் 15 வெளியூர். ஒவ்வொன்றுக்கும் போக ஒரு நாள், பேச ஒரு நாள், திரும்ப ஒரு நாள், அப்புறம் எழுந்திருக்காமல் படுக்க ஒரு நாள். ஆக 60 நாள். அதே வருடத்தில் அழுத்தப் புண் வந்து ஒருமுறை 19 நாள், இன்னொரு முறை 40 நாள் படுத்திருக்கிறீர்கள். அது 59 நாள். பயணம்தான் காரணமா என்று உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு தடவையும் அடுத்தடுத்த பயணங்கள் முடிந்த வாரத்தில்தான் புண் தொடங்கியிருக்கிறது. வெகுநேரம் உட்கார்ந்த இடத்தில் உணர்வு இல்லாததால் வலி வந்து எச்சரிக்காது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

அந்த 59 நாளும் உங்களுக்குச் சம்பளம் வந்தது. முழுநேரப் பேச்சாளராக இருந்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. அது மட்டுமில்லை, கூட்டங்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே முடிவாகிறவை. நீங்கள் படுத்திருக்கும்போது யாரிடமும் பேசி அடுத்த தேதி வாங்க முடியாது. ஆகவே புண் ஆறி எழுந்த பிறகும் இரண்டு மாதம் டைரி காலியாகவே இருக்கும். 40 நாள் படுக்கை என்பது வருமானத்தில் நூறு நாள் ஓட்டை.

அதனால் கட்டணத்தை மேடையில் நிற்கிற, மன்னிக்கவும், மேடையில் இருக்கிற ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். அந்தப் பேச்சு உங்கள் உடம்பிலிருந்து எத்தனை நாளை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.

தொகையாகச் சொல்லாமல் பங்காகச் சொல்கிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் பொருந்தும். உங்கள் குடும்பத்தின் ஒரு வருடச் செலவை 100 பங்கு என்று வைப்போம். வரிக்கும் தொழில் செலவுக்கும் 25, உடம்பு படுத்தால் எடுத்துக்கொள்ள 10, ஓய்வுக்காலத்துக்கு 15. மொத்தம் 150 பங்கு வர வேண்டும். உடம்பு தாங்குவது மாதம் இரண்டு வெளியூர்க் கூட்டம் என்கிறீர்கள். கூட்டமே நடக்காத மாதங்களையும் படுக்கை நாட்களையும் கழித்தால் வருடத்தில் 9 மாதம் கிடைக்கும். 18 கூட்டம். அதில் இரண்டை இலவசமாகவே செய்வேன் என்கிறீர்கள், சரி. மிச்சம் 16. அப்படியானால் கூட்டத்துக்கு 9 பங்குக்கு மேல் வர வேண்டும். நீங்கள் இப்போது வாங்குவது சராசரியாக 2 பங்கு.

ஒரே வருடத்தில் கட்டணத்தை நாலு மடங்குக்கு மேல் ஏற்ற முடியாது. ஆனால் கணக்கின் இன்னொரு பக்கத்தை மாற்றலாம். ஆன்லைன் பேச்சுக்கு உங்களுக்கு ஆவது அரை நாள். வருடத்துக்கு 24 ஆன்லைன் பேச்சு, தலா 3 பங்கு என்றால் 72 வந்துவிடும். மிச்சம் 78-ஐ 16 கூட்டத்துக்குப் பிரித்தால் ஐந்து பங்கை ஒட்டி நிற்கும். இது எட்டாத உயரம் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் போய்ச் சேரலாம்.

பயணத்தையும் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊருக்குப் போனால் ஒரே கூட்டத்தோடு திரும்பாமல், அதே வாரத்தில் இன்னும் ஒன்றிரண்டு பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு நாள் ஓய்வு விடுங்கள். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1920 முதல் 1924 வரை வாட்வில் என்ற பல்சுவை மேடைகளில் தோன்றினார். வித்தைக்காரர்கள், பாட்டுக்காரர்கள் நடுவே அவரா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் சொற்பொழிவுச் சுற்றுப்பயணத்தைவிட அதில் பணம் அதிகம், அலைச்சல் குறைவு. தினம் ஒரு ஊர் என்று ஓடாமல் ஒரே ஊரில் ஒரு வாரம் தங்கலாம். 1924-லிருந்து பார்வையற்றோருக்கான அமெரிக்க அறக்கட்டளைக்காக வேலை செய்யத் தொடங்கினார். உலகப் புகழ் இருந்த அவராலேயே சொற்பொழிவை மட்டும் நம்பி ஓட்ட முடியவில்லை.

இனி, எதைப் பேசுகிறீர்கள் என்பதும் பணக் கணக்குதான். ஆஸ்திரேலியப் பத்திரிகையாளரும் நகைச்சுவைக் கலைஞருமான ஸ்டெல்லா யங், தானும் சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014-இல் சிட்னியில் பேசிய பேச்சு பிரபலம். மாற்றுத்திறனாளியைப் பார்த்து ‘நம் பாடு பரவாயில்லை’ என்று மற்றவர்கள் தெம்பு ஏற்றிக்கொள்வதை அவர் கடுமையாகச் சாடினார். மானம் ஒருபுறம் இருக்கட்டும், வியாபாரமாகப் பார்த்தாலும் அவர் சொன்னது சரி. விபத்துக் கதையை ஒரு நிறுவனம் ஒரு தடவைதான் கேட்கும். அடுத்த வருடம் அதே கதைக்கு அதே ஆட்கள் காசு தர மாட்டார்கள். நீங்கள் பன்னிரண்டு வருடம் கணக்குப் பார்த்தவர், சக்கர நாற்காலியோடு அலுவலக வேலை செய்தவர். வேலையிடத்தில் பாதுகாப்பு, எல்லோரும் வந்துபோகிற மாதிரி அலுவலகம் அமைப்பது, நெருக்கடியில் பண முடிவு எடுப்பது, இவற்றைப் பற்றி அரை நாள் பயிற்சி நடத்த முடியும். பயிற்சிக்கு வேறு கணக்குத் தலைப்பில் பணம் ஒதுக்குவார்கள், திரும்பவும் கூப்பிடுவார்கள்.

இலவசக் கூட்டங்களுக்கு ஒரு சின்ன வேலை. முழுக் கட்டணத்தை எழுதி, அதன் கீழே ‘முழுத் தள்ளுபடி’ என்று போட்ட பில்லை அனுப்புங்கள். இலவசமாகக் கேட்டவர்கள் அடுத்த முறை உங்கள் விலை தெரிந்தே பேசுவார்கள். ‘உங்களுக்கு விளம்பரமாச்சே’ என்பவர்களுக்கும் அதே பில்தான்.

ஒப்பந்தம் இல்லாமல் தேதி கொடுக்காதீர்கள். பாதிப் பணம் முன்பணம். கடைசி இரண்டு வாரத்தில் ரத்து செய்தால் அது திரும்பாது. நீங்கள் நோயால் வர முடியாவிட்டால் அதே பேச்சை ஆன்லைனில் தருவீர்கள். இதோடு மேடையைப் பற்றியும் எழுதுங்கள். ‘ராம்ப் இருக்கிறது சார்’ என்பார்கள். அது அரங்க வாசலுக்கு இருக்கும், மேடைக்கு இருக்காது. சாய்தளத்துக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 60 சென்டிமீட்டர் உயர மேடைக்கு 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் நாலு பேர் தூக்கி ஏற்ற வேண்டாம், கீழே தரையில் இருந்தே பேசுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூக்கும்போது ஒரு கை நழுவினால் போவது ஒரு வருட வருமானம்.

வேலைக்கு வருவோம். ராஜினாமாவுக்குப் பதில் வாரம் மூன்று நாள் வேலை கேட்டுப் பாருங்கள். முதல் காரணம் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் தனி மருத்துவப் பரிசோதனை இல்லாமலே சேர்ந்திருப்பீர்கள். வெளியே தனியாக எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கும் பாதிப்பையும் அதனால் வருவதையும் விலக்கி வைக்கிற, அல்லது கூடுதல் பிரீமியம் கேட்கிற பாலிசிகள்தான் அநேகமாகக் கிடைக்கும். பகுதிநேரத்திலும் குழுக் காப்பீடு தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அரசு உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் அதன் வருமான வரம்பையும் பாருங்கள். சில இடங்களில் அதை மாதக் கணக்கில் பார்ப்பார்கள். ஒரே மாதத்தில் மூன்று கூட்டத்துப் பணம் வந்தால் வரம்பு தாண்டிவிடும்.

முழுதாக விடுவதற்கு நான் சொல்வது இரண்டு நிபந்தனை. செலவு போகப் பேச்சு வருமானம் இரண்டு வருடம் தொடர்ந்து 100 பங்கைத் தொட வேண்டும். ஒரு வருடக் குடும்பச் செலவு சேமிப்பில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆறு மாதம் போதும் என்பேன். மேலே சொன்ன ஓட்டை காரணமாக உங்களுக்குப் பன்னிரண்டு.

அக்கா மகன் விஷயம். கட்டாயம் கொடுங்கள். அவன் இல்லாமல் நீங்கள் மேடைக்குப் போக முடியாது என்றால் அவன் செய்வது உதவி இல்லை, வேலை. நாளை அவனுக்கு வேறு வேலை கிடைத்துப் போனால் வெளியாளுக்குக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அந்தத் தொகை இன்றே உங்கள் கட்டணத்தில் இல்லாவிட்டால் அன்று திடீரென்று ஏற்ற முடியாது. பில்லில் ‘உதவியாளர், மூன்று நாள்’ என்று தனி வரி போடுங்கள், அவனுடைய டிக்கெட்டும் தங்குமிடமும் அதிலேயே வரட்டும். அக்காவிடம், ‘நான் கொடுக்கவில்லை, கூட்டம் நடத்துகிறவர்கள் கொடுக்கிறார்கள்’ என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.