அசனப் பந்தியில் பக்கத்து இடம்

கேள்வி: குடியால் சபையைவிட்டு விலகிப்போனவர் மறுபடி ஆராதனைக்கு வருகிறார். கண்டிக்காமல் சேர்த்துக்கொண்டால் பாவத்துக்கு இடம்கொடுத்தது ஆகாதா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆகாது தம்பி. லூக்கா 19-ஐ வரிசையாகப் படியுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும்போது வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு இயேசுவைப் பார்க்க மரமேறியதிலேயே நின்றுவிடுகிறோம். எனக்கு அது பெரிய வருத்தம். அவன் திருந்திய பிறகா இயேசு அவன் வீட்டுக்குப் போனார்? முதலில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். பார்த்தவர்கள் முறுமுறுத்தார்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்னது அப்புறம்தான். தேவதயவே குணப்படும்படி ஏவுகிறது என்று பவுலும் எழுதுகிறார் (ரோமர் 2:4).

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அடுத்த அசனத்தில் அவரை உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். குடியைப் பற்றி அவராகப் பேசினால் கேளுங்கள். மருத்துவரிடம் போகச் சம்மதித்தால், துணைக்கு நீங்களும் போங்கள்.